காரின் அடியைப் பார்ப்பது யார்?

2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் சொந்த உபயோகக் கார்களுக்கு ஆண்டுதோறும் நடந்துவந்த பாதுகாப்புச் சோதனை நின்றுபோனது. 1951-ல் தொடங்கிய ஏற்பாடு அது. ஹாரன், வைப்பர், விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், டயர் என்று ஒரு பட்டியல்படி பார்த்த பிறகுதான் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க விடுவார்கள். 2023-ல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட 3297-ஆம் எண் மசோதா அதை முடித்துவைத்தது. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் வட்டாரக் கவுன்ட்டிகளில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. சோதனை போனாலும் கட்டணம் போகவில்லை. சோதனைத் திட்டத்துக்கு மாற்றுக் கட்டணம் என்று பெயர் சொல்லியே ஆண்டுக்கு 7.50 டாலர் பதிவுப் பணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள். நியூஜெர்சி இதே வேலையை முன்பே செய்துவிட்டது. கிறிஸ் கிறிஸ்டி ஆளுநராக இருந்தபோது, 2010 ஆகஸ்ட் 1 முதல், பயணிகள் கார்களுக்கு இயந்திரப் பாகச் சோதனையை நிறுத்திவிட்டுப் புகைச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் சாதாரணக் காருக்கு ஆண்டுச் சோதனை என்ற வழக்கமே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனை, அவ்வளவுதான். ஆக, நியூஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பன்னிரண்டு வயதுக் காரை, அரசு சார்பில் யாரும் தூக்கி நிறுத்தி அடியில் எட்டிப் பார்ப்பதில்லை. நம் ஊரில்கூட 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் எஃப்.சி. எடுத்தால்தான் பதிவு புதுப்பிக்கப்படும்.

புகைச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் நடப்பது என்ன? 1996-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு சாக்கெட்டில் ஒயரைச் செருகி, எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பெட்ரோல் ஆவிக் கசிவு எல்லாம் அதில் தெரியும். சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் பால் ஜாயின்ட்டில் சென்சார் எதுவும் இல்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் இல்லை, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் இல்லை. டேஷ்போர்டில் டயர் காற்றுக்கு ஒரு விளக்கு உண்டு, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று உண்டு, அற்றுப்போகப் போகும் மூட்டுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்கள், சிறு டிரக்குகளின் சராசரி வயது 2025-ல் 12.8 ஆண்டு என்று எஸ் அண்டு பி குளோபல் மொபிலிட்டி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் இரண்டு லட்சம் மைல் தாங்கும் அளவுக்கு நன்றாகச் செய்யப்படுகின்றன. அதனால்தான் கார்கள் இவ்வளவு காலம் ஓடுகின்றன. ஆனால் ரப்பரும் கிரீஸும் அந்த வேகத்தில் முன்னேறவில்லை. எஞ்சின் உழைக்கும் காலத்துக்கும் அடிப்பாகங்கள் உழைக்கும் காலத்துக்கும் இடையே விழுந்திருக்கும் இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. அதைக் கவனிக்கும் பொறுப்பு இந்த மூன்று மாநிலங்களிலும் முழுக்க முழுக்கக் காரின் சொந்தக்காரர் தலையில் வந்து விழுந்துவிட்டது. பலருக்கு அது வந்துசேர்ந்த விஷயமே தெரியாது.

பால் ஜாயின்ட் என்பது நம் இடுப்பு மூட்டைப் போன்றது. ஒரு கிண்ணத்துக்குள் உருளும் எஃகுக் குண்டு. சக்கரம் மேலும் கீழும் போகவும் வேண்டும், ஸ்டீயரிங் திருப்பும்போது இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் இந்த ஒரே மூட்டு தாங்குகிறது. குண்டைச் சுற்றி கிரீஸ், கிரீஸைச் சுற்றி ஒரு சிறு ரப்பர் உறை. பழைய வண்டிகளில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் அது கிடையாது, வாழ்நாள் முழுக்கப் போதும் என்று மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த வாழ்நாளைத் தீர்மானிப்பது ரப்பர் உறை. வெயிலிலும் குளிரிலும் அது வெடிக்கும். முதலில் ஒரு மயிரிழைக் கீறல். அதன் வழியே கிரீஸ் கசிந்து, உறையைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். பிறகு அதே கீறல் வழியாகத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். கிரீஸ் இல்லாத இடத்தில் எஃகு எஃகைத் தேய்க்கும். குண்டு கொஞ்சம் சிறுத்து, கிண்ணம் கொஞ்சம் அகன்று, மெக்கானிக்குகள் ‘ப்ளே இருக்கு’ என்று சொல்லும் ஆட்டம் தொடங்கும். பல தயாரிப்பாளர்கள் இந்த மூட்டில் கைக்குத் தெரியும் ஆட்டமே இருக்கக் கூடாது என்கிறார்கள். ஆட்டம் வந்த பிறகு ஒவ்வொரு பள்ளமும் ஒரு சுத்தியல் அடிதான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், வீட்டு டிரைவ்வேயில் திருப்பி ஏற்றும்போதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ரேடியோ சத்தத்தில் அது எளிதில் மறைந்துவிடும். கடைசியில் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஃபெண்டருக்குள் மடங்கிக்கொள்ளும், வண்டியின் அந்த மூலை சாலையில் உட்காரும். பிரேக்கை மிதித்தாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் அந்தச் சக்கரம் சொன்னபடி கேட்காது.

மற்ற பாகங்களுக்கும் இதே கதைதான், சத்தம்தான் வேறு. வீல் பேரிங் தேய்ந்தால் வேகத்தோடு கூடும் ஒரு ரீங்காரம் வரும். ஃபிரீவேயில் லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது அது கூடி வலப்பக்கம் வளைக்கும்போது குறைந்தால், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான் போயிருக்கும், ஏனென்றால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. புதிய டயர் போட்டும் அந்த இரைச்சல் போகவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. டை ராடு முனை தேய்ந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோலவே இருக்கும். எந்தப் பாகம் முதலில் போகும் என்பது பெரும்பாலும் எந்த ஊரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. டாலஸ் வட்டாரம் பிளாக்லேண்ட் பிரெய்ரி என்ற கரிசல் நிலத்தின் மேல் நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே அதுவும் மழைக்கு உப்பும், வறட்சிக்கு வெடிக்கும். மேலே போட்ட சாலை அலை அலையாக எழுந்து தாழும். அத்தோடு டெக்சாஸ் கோடையின் சூடு ரப்பர் புஷ்களை இறுகவைத்துப் பிளக்கிறது. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் இல்லை, அந்த அளவு சூடும் இல்லை; ஆனால் அங்குள்ள நகர, கவுன்ட்டிச் சாலைகளின் சராசரித் தரத்தை மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷன் பல ஆண்டுகளாக நூற்றுக்கு 67 அளவில்தான் மதிப்பிட்டு வருகிறது, அதாவது சுமார் ரகம். குழிகள் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்ட்ரட்டையும் பேரிங்கையும் தின்கின்றன.

நியூஜெர்சிதான் மோசம், காரணம் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு. உப்பு எஃகை எந்த அளவுக்குத் தின்னும் என்பதற்குத் தயாரிப்பாளர்களே சாட்சி. மாநிலம் சோதனையை நிறுத்திய அதே 2010 ஆகஸ்ட் மாதக் கடைசியில், 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் மினிவேன்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. உப்புத் தண்ணீர் தேங்கிப் பின் ஆக்சில் உள்ளுக்குள் துருப்பிடித்து முறிகிறது என்பது புகார். உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளுக்கு மட்டுமான அழைப்பு அது. 2023 ஜனவரியில் ஹோண்டா, 2007 முதல் 2011 வரையிலான சிஆர்-வி வண்டிகளில் ஏறத்தாழ 5,64,000-ஐ இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. பின் சக்கரத்தின் டிரெய்லிங் ஆர்ம் பூட்டப்பட்டிருக்கும் சட்டப் பகுதி துருவேறி, ஆர்மே கழன்றுவிடக்கூடும். நியூஜெர்சி உட்பட 22 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அந்தப் பட்டியலில் இருந்தன. துரு குறைவாக இருந்தால் ஒரு தாங்கியைப் பூட்டிக் கொடுப்பார்கள். மிஞ்சிப்போயிருந்தால் வண்டியையே கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடும் என்று அறிவித்தார்கள். செய்தவர்களே சரிசெய்ய முடியாது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஒரு பாகம் அழுகிப்போகிறது, ஆனாலும் அந்த வண்டி புகைச் சோதனையில் தாராளமாகப் பாஸ் ஆகியிருக்கும். டாலஸில் ஒரு சிஆர்-வி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது பத்துப் பனிக்காலம் எடிசனில் நின்ற வண்டியாக இருக்கலாம். வண்டி தெற்கே வந்துவிட்டால் பிடித்த துரு உதிர்ந்துவிடாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. விபத்துக்குக் காரணம் மனிதர்கள்தான், வண்டி அல்ல என்பார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா 2005 முதல் 2007 வரை நடத்திய பெரிய ஆய்வு அப்படித்தான் சொல்கிறது: 94 சதவீத விபத்துகளில் முக்கியக் காரணம் ஓட்டுநர், வெறும் 2 சதவீதத்தில்தான் வண்டி. அந்த 2 சதவீதத்திலும் டயர் 35, பிரேக் 22. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டிரான்ஸ்மிஷன், எஞ்சின் எல்லாம் சேர்ந்தே 3 சதவீதம். இந்தக் கணக்கைப் பார்த்தால் பால் ஜாயின்ட்டைப் பற்றிப் பேசுவதே வீண் என்று தோன்றும். ஆனால் அதே அறிக்கை வேறொன்றையும் சொல்கிறது. வண்டி தொடர்பான காரணங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து கண்ணால் பார்த்து ஊகிக்கப்பட்டவை. அதனால் எளிதில் தென்படும் டயர், பிரேக் போன்றவைதான் கணக்கில் ஏறின. நசுங்கிக் கிடக்கும் காரில், மூட்டு முறிந்ததால் மோதியதா, மோதியதால் மூட்டு முறிந்ததா என்று சாலையோரத்தில் நின்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் அந்த ஆய்வில் முக்கியக் காரணம் என்பது விபத்துக்கு முந்தைய நிகழ்வுகளில் கடைசியாக நடந்ததைத்தான் குறிக்கிறது. அதை முழுப் பழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நிட்சாவே எச்சரிக்கிறது. மழையில் ஒருவர் அவசரமாக லேன் மாற, தேய்ந்த மூட்டு காரணமாகக் கார் அவர் நினைத்த இடத்தில் நிற்காமல் அலைந்து மோதினால், பதிவேட்டில் விழுவது அவர் பெயர்தான். 2 சதவீதம் என்பது அந்த ஆய்வின் கணக்கிலேயே 44,000 விபத்துகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கனமான இன்னொரு வாதத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அலெக்ஸ் ஹோக்லண்ட், டிரெவர் வூலி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் நியூஜெர்சி சோதனையை நிறுத்தியதற்கு முன்னும் பின்னும் உள்ள மரண விபத்துப் புள்ளிவிவரத்தை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வண்டிக் கோளாறால் வரும் மரண விபத்துகள் கூடவில்லை என்பது அவர்கள் முடிவு. டெக்சாஸில் சோதனை வேண்டாம் என்றவர்களின் கட்சிக்கு வலுச்சேர்ப்பது இந்த மாதிரி ஆய்வுதான். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது எதை நிரூபிக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும். அரசின் பழைய சோதனை உயிரைக் காப்பாற்றவில்லை என்று அது காட்டலாம். மூட்டுகள் தேயவில்லை என்று காட்டவில்லை. மரணம் நேர்ந்த விபத்துகளை மட்டும் எண்ணும் கணக்கு அது. பார்க்கிங் லாட்டில் திரும்பும்போது சக்கரம் மடங்கினால் வருவது டோ டிரக்தான், அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. தேய்மானம் எவ்வளவு பரவலானது என்று அறிய டெலவர் ஆற்றைத் தாண்டினால் போதும். பென்சில்வேனியாவில் ஆண்டுச் சோதனை இன்னும் இருக்கிறது, சஸ்பென்ஷனையும் பார்க்கிறார்கள். 2014-ல் அங்கே 5,29,000-க்கு மேற்பட்ட வண்டிகள், சோதனைக்கு வந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, முதலில் தோற்று, பழுதுபார்த்த பிறகே பாஸ் ஆயின என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2015 அறிக்கையில் எழுதியது. ஆற்றின் இந்தக் கரையில் ஓடும் கார்கள் அந்தக் கரைக் கார்களைவிட உறுதியானவை என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. இங்கே யாரும் பார்ப்பதில்லை, வேறு வித்தியாசம் இல்லை. ஆண்டுதோறும் எல்லாக் கார்களையும் சோதிப்பது வீண்செலவு என்றால், பத்து வயது தாண்டியவற்றை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புகைச் சோதனைக்கு வரும் அதே நாளில் தூக்கிப் பார்த்திருக்கலாம். மூன்று மாநிலங்களில் ஒன்றும் அப்படி ஒரு நடுவழியை எடுக்காதது எனக்கு வருத்தமே.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: மெக்கானிக்கிடம் போனால் நல்ல பாகத்தையும் போச்சு என்று சொல்லிப் பணம் பறிப்பார் என்ற பயம். ஆதாரமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பாகங்களின் பழுது, கண்ணெதிரே காட்டச் சொல்லிக் கேட்கக்கூடிய பழுது. எஞ்சின் கோளாறுபோல வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. சக்கரம் தரையிலிருந்து எழும்ப வண்டியைத் தூக்கியதும், கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் டயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினால் பால் ஜாயின்ட்டிலோ பேரிங்கிலோ உள்ள ஆட்டம் தெரியும். 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடின் ஆட்டம் தெரியும். சில வண்டிகளில் மூட்டின் மேல் எடை உட்கார்ந்திருப்பதால் கையால் ஆட்டினால் தெரியாது. கடப்பாறை போன்ற நெம்புகோலைக் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தால் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் விதிப்படி, வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கொடுத்துச் சம்மதம் வாங்கியாக வேண்டும். முன்கூட்டியே கேட்டால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கவும் வேண்டும். ஆயில் சேஞ்சுக்கு விடும்போதே சக்கரத்தை ஆட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் பத்து நிமிட வேலை. கேட்காவிட்டால் பலர் பார்ப்பதில்லை. நாமே வீட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நுழைவது மட்டும் கூடாது.

இந்த அக்கறை எல்லோருக்கும் ஒரே அளவில் தேவைப்படாது. யூடி டாலஸிலோ ரட்கர்ஸிலோ சான் ஹோசே ஸ்டேட்டிலோ படிக்க வரும் மாணவர்கள், ஊர் திரும்பும் சீனியரிடமிருந்து வாட்ஸ்அப் குழு வழியாகப் பத்துப் பன்னிரண்டு வயதான கொரோலாவையோ சிவிக்கையோ வாங்குகிறார்கள். கையிலிருந்து கைக்கு மாறி மூன்றாவது நான்காவது சொந்தக்காரரிடம் வரும்போது பராமரிப்புச் சீட்டு எதுவும் கூட வருவதில்லை. விற்கும் அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பால் ஜாயின்ட்டைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்காது. குடும்பங்களில் வேறு மாதிரி: அப்பா புது வண்டி வாங்கிக்கொள்ள, புதிதாக லைசென்ஸ் எடுத்த பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பழைய வண்டி போகிறது. அனுபவம் குறைந்த கையில், வீட்டிலேயே அதிகம் தேய்ந்த வண்டி. வாங்கும் முன் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு நூறு, நூற்றைம்பது டாலர் ஆகும். மூட்டு மாற்றச் சில நூறு. மூவாயிரம் டாலர் காருக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. காரின் விலையோடு ஒப்பிட்டால் அது அதிகம்தான். உள்ளே உட்காருபவரோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு: வண்டியின் 17 எழுத்து வின் எண்ணை நிட்சா இணையதளத்தில் தட்டினால், செய்யப்படாத ரீகால், அதாவது திரும்ப அழைப்பு, இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரீகால் வேலை இலவசம். ஆனால் ரீகால் அறிவிக்கப்படும்போது முதல் விற்பனையாகி 15 ஆண்டு கடந்துவிட்ட வண்டிக்கு இலவசமாகச் செய்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று பே ஏரியாவில் நினைக்கிறார்கள். ஆயில் சேஞ்ச் இல்லை, ஸ்மாக் செக் இல்லை என்பது உண்மை. பால் ஜாயின்ட்டும் கன்ட்ரோல் ஆர்மும் அதிலும் இருக்கின்றன, பேட்டரியின் எடை அவற்றின் மேல் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. 2020 அக்டோபரில் சீனாவில் டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள் சஸ்பென்ஷன் இணைப்புகளுக்காகவே திரும்ப அழைக்கப்பட்டன. ஆயில் சேஞ்ச் என்ற சாக்கில் ஆண்டுக்கு ஓரிருமுறை மெக்கானிக்கிடம் போவதும் மின்சாரக் காருக்கு இல்லாமல் போகிறது. அதனால் அதன் சொந்தக்காரர் டயர் மாற்றும்போதாவது இதைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழுது பார்த்த பிறகும் கவனிக்க ஒன்று உண்டு. 2012-ல் டொயோட்டா, 2006 முதல் 2011 வரையிலான ராவ்-4 வண்டிகளையும் லெக்சஸ் மாடல் ஒன்றையும் சேர்த்து ஏறத்தாழ 7,78,000-ஐத் திரும்ப அழைத்தது. வீல் அலைன்மென்ட் செய்த பிறகு பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்மின் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால் மரையில் ஆட்டம் வந்து, துருப்பிடித்து, ஆர்மே பிரிந்துவிடக்கூடும் என்பது காரணம். அந்த ரீகால் வேலையே சில இடங்களில் சரியாக நடக்கவில்லை என்று அடுத்த ஆண்டு மறுபடியும் அழைக்க வேண்டிவந்தது. எனவே அலைன்மென்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போது, எந்தெந்த நட்டைத் தளர்த்தினீர்கள், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினீர்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும், ஐம்பது முதல் நூறு மைல் ஓட்டியதும் லக் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டயர் கடைகளில் இதைக் காசு வாங்காமல் செய்து தருவார்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஓனர்ஸ் மானுவலில் இருக்கிறது: டொயோட்டாவின் கொரோலா, கேம்ரி போன்ற பல கார்களுக்கு 76 பவுண்டு-அடி, ஹோண்டாவின் பல கார்களுக்கு 80.